நூற்று முப்பத்திரண்டு தப்படி

டேப்பின் சைபர் முனையைக் கல்படியின் பள்ளத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா. மடங்காத வலது காலை ஒரு பக்கமாக நீட்டிவிட்டிருந்தாள். மறுமுனையை இழுத்துக்கொண்டு போன மகள், கருங்கல் பதித்த ஒரு கல்லறைக்கு முன்னால் நின்றாள்.

“அது ஐம்பத்தாறு தப்படி,” என்று அங்கிருந்தே கத்தினாள் அம்மா. “உன் டேப்பு என்ன சொல்லுது?”

“நாப்பது மீட்டர் முப்பத்திரண்டு.”

“அப்ப சரி. நல்ல டேப்புதான்.”

மகள் நில அளவை படித்தவள். மூன்றுகால் கருவி வண்டியிலேயே இருந்தது. அதைப் படியருகில் நிறுத்தியிருந்தால் ஒற்றை ஆளாக ஒரே காலையில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அம்மாவுக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. அதனால் டேப்பை எடுத்துவந்தாள். இரண்டு சனிக்கிழமைகள் இப்படி ஓடின. இது மூன்றாவது.

அந்தப் படி ஒரு சமாதியின் படி. உள்ளே இருப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. புனிதர் என்று மட்டும் தெரியும். ஊருக்கு முன்பே அவர் வந்துவிட்டார். ஊர்தான் பிறகு வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தது. கவிழ்த்த பானை மாதிரி ஒரு கல் கூடு, அதற்குக் குனிந்து நுழையும் ஒரு வாசல், வாசலுக்கு ஒரே படி. ஏறி இறங்கிய பாதங்கள் அந்தப் படியின் நடுவில் ஒரு கை அளவுக்குப் பள்ளம் பறித்திருந்தன. அவருக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று காலம் காலமாக ஆசைப்பட்டவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் சுற்றிலும் படுத்திருந்தார்கள். வசதி இருந்தவர்கள் படிக்கு அருகில், பெயர் பொறித்த கல்லோடு. இல்லாதவர்கள் கிழக்கு மதிலோரம், வெறும் மண்ணில். மதிலுக்கு வெளியே ஒரு தெரு. கல் பொறிப்பவர், பூக்கடை, ஜெராக்ஸ் கடை, இரண்டு டீக்கடை, வெளியூர்க்காரர்கள் தங்கும் ஒரு விடுதி. எல்லோருக்கும் உள்ளே இருப்பவரால்தான் பிழைப்பு.

அம்மாவுக்கும் அப்படித்தான். முப்பத்தோரு வருடம் அந்த இடத்தின் வாசல் காவல் அவளுடையது. சாவி, விளக்குமாறு, தண்ணீர்க் குழாய், வருகிறவர்களுக்கு வழி காட்டுவது. சம்பளப் பட்டியலில் அவள் பதவி ‘வாயிற்காப்பாளர்’. தெருவுக்கு அவள் தப்படியம்மா.

பெயர் வந்த கதை சுருக்கம். ஒரு மழைக்காலத்தில் அலுவலக அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. யார் எங்கே என்று எழுதியிருந்த பேரேடு கூழாகிவிட்டது. நிர்வாகக் குழு கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்த மூன்று மாதத்தில், அம்மா குழி வெட்டுபவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். அவர் நினைவிலிருந்து ஆளைச் சொன்னார், அவள் படியிலிருந்து எத்தனை தப்படி என்று எண்ணி எழுதினாள். நாற்பது பக்க நோட்டு பதினொன்று. நடுப்பாதையில் எத்தனை தப்படி, பிறகு வலமா இடமா, அந்தப் பக்கம் எத்தனை தப்படி. ‘56, இடது 3.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களையும் அதே மாதிரி எழுதிக்கொண்டு வந்தாள்.

“எல்லாம் படியிலேர்ந்துதான்,” என்பாள். “மரத்தை நம்பி எழுதினா மரத்தை வெட்டிடுவான். சுவரை நம்பினா சுவரை இடிச்சிடுவான். இவரை எவன் நகத்த முடியும்?”

நில அளவையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அம்மா அதைப் படிக்காமலே பிடித்துவைத்திருந்தாள். கல்லூரியின் முதல் வருடப் பாடத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது மகளுக்குச் சிரிப்பு வந்தது.

வருகிறவர்களிடம் அம்மா “யாரைத் தேடுறீங்க?” என்று கேட்பதில்லை. “எந்த வருஷம்?” என்பாள். வருடம் தெரிந்தால் நோட்டு தெரிந்துவிடும். பக்கத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்குப் போவாள். குதிகாலைப் பள்ளத்தில் வைத்து ஒரு நொடி நிற்பாள். பிறகு நடை. கையை வீச மாட்டாள். பக்கத்தில் வருபவர் அழுதாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஆள்காட்டி விரலை மட்டும் தோளுக்கு மேல் உயர்த்துவாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன், வாயை மூடு என்று அர்த்தம். அமைச்சர் ஒருவர் வந்தபோதும் அந்த விரல் உயர்ந்தது. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

இறந்தவர்களை இறந்தவர்கள் என்று சொல்ல மாட்டாள். “உள்ளே இருக்காங்க” என்பாள். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் சொல்வது போல இருக்கும். கேட்டவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வருவதை மகள் பார்த்திருக்கிறாள்.

விடுதிக்காரர் ஒரு வழிகாட்டியை வைத்திருந்தார். அவன் வெளியூர்க்காரர்களிடம் சமாதிக்குள் இருப்பவருக்கு ஒரு ராஜ வம்சமும், இரண்டு அற்புதங்களும், ஒரு வெள்ளைக் குதிரையும் கொடுத்திருந்தான். ஒரு நாள் அம்மா அவனை வாசலிலேயே மறித்தாள்.

“தம்பி, போன வாரம் குதிரை கறுப்பா இருந்துச்சே?”

“கூட்டம் கேக்குதும்மா, ஏதாவது சொல்லணுமில்ல?”

“தெரியலைன்னு சொல்லு. பேரே இல்லாம இத்தனை பேரைப் பக்கத்துல இழுத்து வச்சிருக்காரே மனுஷன், அதைச் சொல்லு. அது போதாதா?”

கூட்டம் சிரித்தது. குதிரை அதோடு போயிற்று. அற்புதங்கள் பாக்கி இருந்தன.

அவளுடைய ஒரே பிடிவாதம் செருப்பு. ஒரே கம்பெனி, ஏழாம் நம்பர், தட்டையான அடி. நான்கு ஜோடி சேர்த்து வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பாள். முதல் சம்பளத்தில் மகள் குதி உயர்ந்த நல்ல தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அம்மா அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய்வந்தாள். திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டாள். “அழகாத்தான் இருக்கு. ஆனா செருப்பு மாறினா தப்படி மாறும்டீ. உனக்குத் தெரியாததா?”

செருப்பை இவ்வளவு கவனித்தவள் காலைக் கவனிக்கவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நனைந்த தரையில் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் அறுவை. ஆறு வாரம் கழித்து நடந்தாள், வேலைக்கு வந்தாள், சாவியை வாங்கிக்கொண்டாள். எல்லாம் பழையபடி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது மகள் அளக்க வந்ததற்குக் காரணம் கிழக்கு மதில். மதிலுக்கு வெளியே மழைநீர்க் கால்வாய் அகலமாகிறது. கடைசி இரண்டு வரிசைகள் போகும். உரிமை கோரி விண்ணப்பம் கொடுத்த குடும்பங்களுக்கு, அவர்களுடையவரை எடுத்து உள்ளே தனி இடத்தில் வைப்பார்கள். கேட்பார் இல்லாதவர்களை எல்லாம் சேர்த்து ஒரே குழியில். நிர்வாகக் குழு அறிவிப்பு ஒட்டியது. கடைசி நாள், ஒன்பது நாள் தள்ளி வரும் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. யார் எந்த வரிசை என்று ஒரு வரைபடம் தேவைப்பட்டது. “என் பொண்ணு போட்டுத் தருவா” என்று அம்மா குழுவிடம் சொல்லிவிட்டுத்தான் மகளுக்கே போன் செய்தாள்.

அந்த மூன்றாவது சனிக்கிழமை மதியத்துக்குள் நாற்பது கல்லறைகள் அளந்தாயிற்று. எல்லாம் கல் உள்ள பழையவை. நோட்டில் இருந்த தப்படியையும் டேப்பில் வந்த மீட்டரையும் மகள் மடிக்கணினியில் ஏற்றினாள். நாற்பது புள்ளிகளும் கோடு கிழித்தது போல நின்றன. ஒரு தப்படிக்கு எழுபத்திரண்டு சென்டிமீட்டர். அத்தனை வருடத்தில் இம்மியும் பிசகவில்லை. சம்பளம் வாங்கும் அளவையர்களில் சிலரிடம்கூட மகள் இதைப் பார்த்ததில்லை.

“என்னடீ சிரிக்கிற?”

“ஒண்ணுமில்ல. நீ மிஷின்மா.”

“இப்பதான் தெரிஞ்சுதாக்கும்.”

மதியம் கல் இல்லாதவை. இதற்கு அம்மாவே நடக்க வேண்டும். நோட்டைப் பார்த்தாள். ‘132, வலது 6.’ குதிகாலைப் பள்ளத்தில் வைத்தாள். நடந்தாள். நூற்று முப்பத்திரண்டில் நின்று வலப்பக்கம் திரும்பப் போனவளை மகள் நிறுத்தி, அங்கேயே பாதையில் கொடி நட்டு அளந்தாள். எண்பத்தேழு மீட்டர் பன்னிரண்டு.

கோட்டின்படி அது தொண்ணூற்றைந்து இருக்க வேண்டும். டேப் எங்கோ மடங்கியிருக்கிறது என்று நினைத்தாள். மறுபடி அளந்தாள். அதே எண்பத்தேழு.

“அம்மா, பாதையில நேரா நூறு தப்படி நட.”

“எதுக்கு? குடிச்சவனை நடக்கவிட்டுப் பாக்குற மாதிரி?”

“நடயேன்.”

நடந்தாள். அறுபத்தாறு மீட்டர்.

மகள் டேப்பின் எண்ணைக் காட்டினாள். அம்மா டேப்பைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றித் திருப்பி அடியைப் பார்த்தாள்.

“அதே செருப்புதான்டீ.”

“கால் அதே கால் இல்லம்மா.”

ஒரு தப்படிக்கு ஆறு சென்டிமீட்டர். ஒரு விரல் நீளம். கிட்டத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. கல் இருக்கிற இடத்தில் எண்ணிக்கை பிசகினாலும் கண் பார்த்துக்கொள்ளும். தூரத்தில், கல் இல்லாத மண்ணில், நூற்று முப்பத்திரண்டு விரல்கள் சேர்ந்து எட்டு மீட்டர் ஆகிவிடும். எட்டு மீட்டர் என்றால் மூன்று வரிசை.

அம்மா கல்படியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். அறுவைக்குப் பிறகு, பழைய நோட்டைப் பார்த்து, கல் இல்லாத இடத்துக்கு யாரையெல்லாம் கூட்டிப்போனாள்? மூன்று விரலில் நின்றது. அக்கா தங்கை இருவர், தேடி வந்தது அவர்களுடைய அப்பாவை. அவர்களுக்கு அங்கேயே போன் போட்டாள். பத்து நிமிடம் திட்டு வாங்கினாள், “ஆமாம்மா, என் தப்புதாம்மா” என்று ஐந்து முறை சொன்னாள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், தேடி வந்தது அவருடைய பாட்டியை. அவருக்கு மகள் மின்னஞ்சல் அனுப்பினாள். இரண்டும் உள்வரிசைகள், அவசரமில்லை.

மூன்றாவது, இஸ்திரிக்கடைக்காரர்.

அவர் மனைவி இறந்தபோது அவர் கடல் தாண்டி ஒரு சலவை ஆலையில் வேலையாக இருந்தார். அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, இரண்டு தெரு தள்ளிக் கடை போட்டு, அம்மாவிடம் வந்து நின்றார். எந்த வருஷம் என்று கேட்டாள். நோட்டைப் பார்த்தாள். ‘132, வலது 6.’ கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அது நடந்து நான்கு வருடம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கத்தி மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டையில், ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுவருவார். அங்கே ஒரு செடி வைத்திருந்தார். தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சண்டை போடுவார். மகன் பேச்சைக் கேட்பதில்லை, மருமகள் உப்பே போடுவதில்லை, எல்லாம் நீ கொடுத்த செல்லம். வாசல் வரைக்கும் கேட்கும்.

“அண்ணே, அந்தம்மாவை நிம்மதியா இருக்க விடுங்களேன்,” என்பாள் அம்மா.

“இருந்தப்ப நான் பக்கத்துல இல்ல. இப்பவாவது பேசிக்கிறேன். உங்களுக்கென்ன நஷ்டம்?”

மகள் வரைபடத்தைப் பார்த்தாள். அவர் மனைவி இருப்பது கடைசி வரிசை. கால்வாய்க்குப் போகும் வரிசை. அவர் தண்ணீர் ஊற்றும் இடம் உள்ளே, பத்திரமான வரிசை. அறிவிப்பை அவர் படித்திருப்பார். நம்முடையது இல்லை என்று விட்டிருப்பார். அவர் விண்ணப்பம் தரவில்லை என்றால் அவர் மனைவி கேட்பார் இல்லாதவர்.

“அப்ப அவரு செடி வச்சிருக்கிறது யாருக்கு?” என்றாள் மகள்.

அம்மா நோட்டைப் புரட்டினாள். “ஒரு தபால்காரரு. ரிட்டையர் ஆனவரு. யாரும் வந்ததில்ல.” அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மகள் கிட்டே போனாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். “நாலு வருஷமா... அந்த மனுஷன்... மருமக உப்பு போடலைங்கறதை எல்லாம்... ஐயோ, பாவம்டீ அந்தத் தபால்காரரு!”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலுவலகத்தில் விண்ணப்பத் தாள் ஒன்று வாங்கிவந்தாள். இறந்தவர் விவரம், வருடம், வரிசை, எல்லாவற்றையும் தன் குண்டு எழுத்தில் நிரப்பினாள். கீழே கையெழுத்து இடம் மட்டும் பாக்கி.

“நான் இப்பவே கடைக்குப் போய்ச் சொல்லிடட்டுமா?” என்றாள் மகள்.

“கடையில நாலு பேர் துணி வாங்க நிக்கறப்ப சொல்ற விஷயமாடீ இது? நாளைக்கு விட்டு அடுத்த ஞாயிறு அவரே வருவாரு. நான் சொல்றேன். தப்பு என் காலோடது, வாயும் என்னோடதா இருக்கட்டும்.”

“மறுநாள்தான் கடைசி நாள்மா.”

“அதுக்குத்தான் எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? கத்துவாரு. கத்தி முடிச்சப்புறம் போடுவாரு.”

தாளை நான்காக மடித்துப் பதினோராவது நோட்டுக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா வீட்டில் பால் காய்ச்சினாள். அடுப்பை அணைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எழவில்லை. ஏழு மணிக்கு வாசல் திறக்கவில்லை என்று பூக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தார். பாலில் ஆடை படிந்திருந்தது.

புதன்கிழமை அடக்கம். நிர்வாகக் குழு படிக்கு அருகிலேயே இடம் கொடுத்தது. குழி வெட்டுபவருக்கு இப்போது எழுபது வயது. ஓய்வு பெற்று நாளாயிற்று. ஆனாலும் வந்து, புதிய ஆளை விலகச் சொல்லிவிட்டுத் தானே வெட்டினார். “ஓரம் நேரா இல்லைன்னா தங்கச்சி திட்டும்,” என்றார்.

எல்லோரும் போன பிறகு மகள் பதினோராவது நோட்டைத் திறந்தாள். எழுதுவதற்கு வேறு யாரும் இல்லை. படியின் பள்ளத்தில் குதிகாலை வைத்து நடந்தாள். எழுதினாள்: ‘19, இடது 4. மகளின் கால். எழுபது சென்டிமீட்டர். செருப்பு ஆறாம் நம்பர்.’ அளவு எழுதினால் எந்த அளவு என்று எழுத வேண்டும். வாசித்துப் பார்த்தாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலைத் திறந்தது மகள். ஒன்பது மணிக்கு இஸ்திரிக்கடைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கத்தி மடிப்பு, கேன். வாசலில் நின்று, அம்மா உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“புதன்கிழமை நானும் வந்திருந்தேம்மா. கூட்டத்துல கிட்ட வர முடியல,” என்றார். “உங்கம்மா மாதிரி கணக்கு யாருக்கும் வராது. என் வீட்டுக்காரியைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது அவங்கதான்.”

மகள் ஐந்து நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். அம்மாவிடம் சிரிப்பு இருந்தது, அவரோடு நான்கு வருடப் பேச்சு இருந்தது. மகளிடம் எண்கள்தான் இருந்தன. அவற்றையே சொன்னாள்.

“ஐயா, அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தாங்க. காலு ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்க தப்படி ஆறு சென்டிமீட்டர் குறைஞ்சுபோச்சு. அது அவங்களுக்கே போன வாரம் சனிக்கிழமைதான் தெரிஞ்சுது. நீங்க தண்ணி ஊத்துற இடம் உங்க வீட்டம்மாவோடது இல்ல. அவங்க எட்டு மீட்டர் தள்ளி இருக்காங்க. கடைசி வரிசை.”

கேன் அவர் கையிலேயே இருந்தது. முகத்தில் எதுவும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் நடந்தது.

“என்னம்மா சொல்ற? கடைசி வரிசையைத் தோண்டப் போறான்ல?”

“ஆமா. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டா உள்ளே தனி இடம். அம்மா ஃபாரம் எழுதி வச்சிருக்காங்க.”

“நாலு வருஷம்!” அவர் கத்தினார். பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “நாலு வருஷமா நான் எவன்கிட்ட பேசிட்டிருந்தேன்?”

“ஒரு தபால்காரர்கிட்ட.”

“எல்லாத்தையுமா கேட்டிருப்பான்?” என்றார். அது கோபமா என்று மகளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

“நீயும் எண்ணித்தானே சொல்ற? உன் கணக்கு மட்டும் சரின்னு நான் எப்படி நம்புறது?”

இந்தக் கேள்விக்கு மகள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தாள். சைபர் முனையை இழுத்து அவர் கையில் கொடுத்தாள். “நீங்களே புடிங்க,” என்றாள்.

படிக்குப் போனார்கள். அவர் கேனைக் கீழே வைத்தார். கத்தி மடிப்பைப் பார்க்காமல் கல் தரையில் குந்தினார். “எங்க வைக்கணும்?” மகள் பள்ளத்தைக் காட்டினாள். டேப் முனையின் வளையத்தை அதில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். “இந்தா, புடிச்சிருக்கேன். விடமாட்டேன். நீ நட.”

மகள் நடந்தாள். கக்கத்தில் பதினோராவது நோட்டு, அதற்குள் நான்காக மடித்த தாள், தாளில் காலியாக ஒரு கோடு. டேப் பின்னால் சரசரத்துக்கொண்டு வந்தது. மீட்டரை அது பார்த்துக்கொள்ளும். அவள் எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

“ஏம்மா,” என்று பின்னாலிருந்து அவர் குரல் கொடுத்தார், “அந்தத் தபால்காரரு பேரு என்ன?”

மகள் திரும்பவில்லை. ஆள்காட்டி விரலைத் தோளுக்கு மேல் உயர்த்தினாள்.